முடிந்த கல்லுக்குத் தண்ணீர்

அம்மி கொத்துகிறவன் தெருவில் குரல் கொடுத்தால் மற்ற வீட்டுப் பெண்கள் அம்மியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருவார்கள். எங்கள் ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸில் டாக்டரம்மா ஒரு சொம்புத் தண்ணீரோடு வருவார். அவரிடம் அம்மி கிடையாது. யார் வீட்டு அம்மியாக இருந்தால் என்ன, உளி விழுகிற இடத்தில் மடமடவென்று ஊற்றிவிடுவார். கொத்துகிறவன் திடுக்கிட்டு எழுந்தால், "உக்காருப்பா. தண்ணி மேலயே கொத்து," என்பார். வெள்ளைக்காரம்மா, அதிலும் டாக்டர். அவன் என்ன செய்வான்? கொத்துவான். அடுத்த தெருவுக்குப் போய், மிஷன் ஆஸ்பத்திரியில் ஒரு தொரசானிக்கு மூளை கலங்கிவிட்டது என்று சொல்லிவிட்டு, அங்கே காய்ந்த கல்லில் கொத்துவான்.

மூளையெல்லாம் கலங்கவில்லை. அறுபதுகளின் கடைசியிலிருந்து சித்தூரில் அவருக்குக் கீழே நர்ஸாக இருந்தவள் நான். பாம்பு கடித்து நீலம் பாரித்து வந்தவனை எழுப்பி உட்கார வைத்திருக்கிறார். குறுக்கே மாட்டிக்கொண்ட பிள்ளையைத் திருப்பி எடுத்திருக்கிறார். அவர் செருப்புச் சத்தம் கேட்டால் நோயாளிகளே எழுந்து படுக்கையைச் சரிசெய்வார்கள். அப்படிப்பட்ட மனுஷி, எங்கேயோ தூரத்தில் உளிச் சத்தம் கேட்டால் பேசிக்கொண்டிருந்த பேச்சை விட்டுவிடுவார். தலை மட்டும் அந்தப் பக்கம் திரும்பும். ஸ்டெதாஸ்கோப்பை நோயாளியின் மார்பில் வைத்தபடியே, காதிலிருந்து கழற்றிவிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

தெலுங்கை முன்ஷி வைத்துப் படித்தவர். தமிழை எங்களிடமும் வார்டு ஆயாக்களிடமும் பொறுக்கிக்கொண்டார். அதனால் அவர் பேச்சு கதம்பமாக இருக்கும். "நீள்ளு போயண்டி, தண்ணி ஊத்துங்க" என்று இரண்டு பாஷையிலும் ஒரே மூச்சில் சொல்வார், ஒன்றில் கேட்காதவர்கள் இன்னொன்றிலாவது கேட்கட்டும் என்று. அவருடைய தாத்தா கதையும் அந்தக் கதம்பத்தில்தான் எங்களுக்கு வந்து சேர்ந்தது. "இருமிக்கினே செத்தாரு எங்க தாத்தா" என்று ஒரு அமெரிக்க டாக்டர் சொன்னால் சிரிப்பு வராதா? முதல் தடவை சிரித்தேன். பிறகு சிரிக்கவில்லை.

தாத்தா இத்தாலிக்காரர். அங்கே பளிங்கு மலைக்குப் பக்கத்து ஊர், பளிங்கில் பூ கொத்துகிற குடும்பம். பிழைக்க வழியில்லாமல் கப்பலேறி அமெரிக்காவுக்குப் போனார். வடக்கே, வருஷத்தில் பாதி பனி கொட்டுகிற ஊர் ஒன்றில் கல்லறைக்கல் செய்கிற வேலை கிடைத்தது. கை அதே கைதான், உளியும் அதே உளிதான். கல் மட்டும் வேறு. பளிங்குத் தூசி ஆளை அவ்வளவாக ஒன்றும் செய்யாதாம். இது கருங்கல். குளிருக்காகக் கொட்டகையின் கதவையெல்லாம் அடைத்துவிட்டு உள்ளே வரிசையாக உட்கார்ந்து கொத்துவார்கள். தாத்தா வீட்டுக்கு வந்தால் பாட்டி அவரை வெளியே நிறுத்திக் கோட்டைக் கழற்றி உதறுவார். வாசலில் கிடக்கிற வெள்ளைப் பனி சாம்பல் நிறமாகிவிடும்.

"என்ன பூ கொத்துவார்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"லில்லிப் பூ. எழுத்து வேற ஆள். தாத்தாக்கு இங்கிலீஷ் தெரியாது. பூ மட்டும்."

நாற்பத்துச் சொச்ச வயதில் போய்விட்டார். காசம் என்றார்களாம். பாட்டி வீட்டிலேயே காசுக்குச் சாப்பாடு போட்டுப் பிழைத்தார், சாப்பிட வந்தவர்களும் கல்லுவேலைக்காரர்கள்தான். மேஜையில் இருமாமல் சாப்பிடுகிறவன் ஊருக்குப் புதிதாக வந்தவன் என்று அர்த்தமாம். தாத்தாவின் கல்லைக் கொத்தியவர் அவருடைய சிநேகிதர். சிநேகிதரின் கல்லைக் கொத்தியவர் இன்னொருவர். "அந்த ஊர்ல கல்லறைத் தோட்டம் ரொம்ப அழகு, சிஸ்டர். யார் வந்தாலும் கூட்டிக்கினு போய்க் காட்டுவாங்க," என்பார். கொட்டகைக்குத் தூசியை அடக்கத் தண்ணீரும் இழுக்கக் குழாயும் வரும்போது அதே வேலை பார்த்த அவருடைய தாய்மாமன்களும் முடிந்துபோயிருந்தார்கள்.

இவ்வளவையும் அவர் எனக்கு ஏன் சொன்னார் என்றால், நான் கல்லறைக்கல் கொத்துகிறவன் தங்கை. அது தெரிந்த அன்றைக்கே அவர் கேட்ட முதல் கேள்வி, "உங்க நைனா எப்படிச் செத்தாரு?" என்பது.

"காசம்," என்றேன்.

அவர் கையைக் கழுவப் போனார். வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தார்.

நைனாவுக்குப் பிறகு அந்த உளிகளை எடுத்துக்கொண்டவன் என் அண்ணன். சித்தூர்ச் சபையில் யார் செத்தாலும், சுற்று வட்டாரத்துச் சபைகளில் யார் செத்தாலும், கல் அவனிடம்தான் வரும். கல்லறைத் தோட்டத்து மதிலை ஒட்டிப் புங்க மரத்தடியில் ஒரு ஓலைக் கொட்டகை. அண்ணியின் தம்பியும் கூட வேலை செய்தான். இரண்டு பேரும் புருவமெல்லாம் மாவாக உட்கார்ந்திருப்பார்கள். டாக்டரம்மா அங்கே போகாத வாரம் இல்லை. அண்ணனுக்கு அவர் மேல் மரியாதை உண்டு, ஆனால் அவர் கையில் சொம்பைப் பார்த்துவிட்டால் கல்லின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொள்வான்.

"இன்னாம்மா நீங்க! காவியில எழுத்து எழுதி வச்சுக்கினு கீறேன். தண்ணி பட்டா அழிஞ்சிடாதா? அப்புறம் எதைப் பாத்துக் கொத்தறது?"

அடுத்த முறை ஒரு டப்பா ஆயில் பெயிண்ட் வந்தது. அதில் எழுதினால் அழியாது. அண்ணன் தலையைச் சொறிந்தான். ஈரத்தில் உளி வழுக்குகிறது என்றான். சேறு கண்ணில் தெறிக்கிறது என்றான். அமெரிக்காவுக்கு எழுதி ஒரு மூக்குக்கண்ணாடி வரவழைத்தார், பக்கமெல்லாம் மூடினது. அதை அவன் திருப்பதிக்கு பஸ்ஸில் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து போட்டுக்கொண்டான். வாயில் கட்டிக்கொள்ளத் துணி கொடுத்தார். அவர் தலை தெரிகிறபோது துணி மூக்குக்கு ஏறும், தலை மறைந்ததும் கழுத்துக்கு இறங்கும். அவருக்கும் அது தெரியும். திரும்பிப் பார்க்காமலே, "ஏத்துப்பா, ஏத்து," என்று சொல்லிக்கொண்டு போவார்.

கடைசியில் அண்ணி ஒரு வார்த்தை கேட்டாள். எங்கள் பக்கத்தில் கல் வைக்க ஈஸ்டர்தான் கெடு. ஈஸ்டர் விடியற்காலையில் சபையே கல்லறைத் தோட்டத்தில் கூடிப் பாடும். அதற்குள் செத்தவர்களுக்கெல்லாம் கல் நின்றாக வேண்டும். அதனால் ஈஸ்டருக்கு முந்தின நாற்பது லெந்து நாட்களில்தான் அண்ணனுக்கு மூச்சு விட நேரமில்லாத வேலை. சித்தூரில் குழாய் காற்றை மட்டும் விடுகிற காலமும் அதுதான்.

"டாக்டரம்மா, ரெண்டு நாளைக்கு ஒருவாட்டி தண்ணி வருது. சண்ட போட்டுப் புடிச்சாந்து வைக்கறேன். புள்ளைங்க குடிக்கறதா, கல்லு குடிக்கறதா? நீங்களே சொல்லுங்க," என்றாள் அண்ணி.

மறுநாளிலிருந்து டாக்டரம்மா தான் குளிக்க வைத்திருந்த தண்ணீரைத் தோட்டக்காரனிடம் வாளியில் கொடுத்தனுப்பினார். அண்ணி அதில் பாத்திரம் கழுவினாள், பிள்ளைகளைக் குளிப்பாட்டினாள். கேட்டதற்கு, "கல்லு எங்க ஓடிடப் போவுது?" என்றாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளிடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

இந்த நிலையில்தான் அந்த வினோதம் நடந்தது. மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவரின் மனைவி பிரசவத்தில் போய்விட்டாள். எங்கள் ஆஸ்பத்திரியில்தான். டாக்டரம்மா எவ்வளவோ போராடியும் முடியவில்லை. அவளுக்கு அண்ணன் கல் கொத்திக்கொண்டிருந்தபோது வாத்தியார் வந்து நின்றிருந்தார். டாக்டரம்மாவும் வழக்கம்போல வந்தார், வழக்கம்போலச் சொம்பைக் கவிழ்த்தார். மனைவியின் பேர் மேல் தண்ணீர் ஓடுவதை வாத்தியார் பார்த்தார். அப்படியே முழங்காலில் உட்கார்ந்து, "அவ ஆத்மா குளுந்துச்சும்மா," என்று கதறினார்.

அந்த நேரத்தில் அவரிடம் போய் தூசி, நுரையீரல் என்று யார் சொல்வது? டாக்டரம்மா அவர் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அது போதாதா? அடுத்த கல்லின் குடும்பத்தார் தங்களுக்கும் ஊற்றச் சொல்லிக் கேட்டார்கள். அதற்கடுத்த குடும்பமும் கேட்டது. கொட்டகையில் வேண்டாம், கல்லை நட்ட பிறகு எல்லாரும் பார்க்க ஊற்றட்டும் என்றார்கள். பாஸ்டர் ஐயா ஜீவத்தண்ணீரைப் பற்றி ஒரு வசனம் கண்டுபிடித்தார். இரண்டே ஈஸ்டரில் அது சபை ஒழுங்காகிவிட்டது. கல் நடுவது, பாட்டு, ஜெபம், டாக்டரம்மா கையால் ஒரு குடம் தண்ணீர்.

முதலில் அவர் கோபப்பட்டார். "முடிஞ்ச கல்லுக்கு எதுக்குத் தண்ணி? கொத்தற அப்ப ஊத்துங்க. அந்த ஆளு மூச்சுக்கு," என்று அண்ணனைக் கை காட்டிச் சொன்னார். தாத்தா கதையை அங்கேயே முழுசாகச் சொன்னார். கூட்டம் தலையை ஆட்டிக் கேட்டது, சாம்பல் பனி வரும்போது உச்சுக் கொட்டியது. பெண்கள் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்கள். பிறகு குடத்தை எடுத்து நீட்டினார்கள். அடுத்த கல் நடுகையில், "டாக்டரம்மா, தாத்தா கதை சொல்லுங்க," என்று ஒரு கிழவர் எடுத்துக் கொடுத்தார். அதுவும் ஒழுங்கில் சேர்ந்துவிட்டது. அண்ணனுக்கு ஒரு சொம்பு தராத வீடுகளிலிருந்து பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் துலக்கி நிறையத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். துக்க வீட்டுக்காரர்கள் முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்ல அவரால் முடியவில்லை. ஊற்றினார்.

வெளியூரில் அவருக்கு இந்த மரியாதையும் கிடைக்கவில்லை. ஒருமுறை ரேணிகுண்டாவில் ரயில் பிடிக்க ஜீப்பில் போனோம். திருப்பதிக்கு இப்பால், ரோட்டோரம் ஒரு சத்திரம் எழும்பிக்கொண்டிருந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் படிக்கல் கொத்திக்கொண்டிருந்தார்கள். வண்டியை நிறுத்தச் சொன்னார். வழிக்கு வைத்திருந்த குடிதண்ணீரை ஃபிளாஸ்க்கோடு எடுத்துப் போய் ஒவ்வொரு கல்லாக ஊற்ற ஆரம்பித்தார். மேஸ்திரி ஓடிவந்தான். ஏழுமலையான் பக்தர்கள் தங்குகிற சத்திரத்துக் கல்லுக்கு மிஷன் அம்மா ஞானஸ்நானம் கொடுக்கிறாள் என்று தெலுங்கில் கத்தினான். அவன் நினைத்ததிலும் தப்பில்லை, எங்கள் சபையே அப்படித்தானே நினைத்தது? டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டு அவரை வண்டியில் ஏற்றினான். மே மாத வெயிலில் ரேணிகுண்டா வரைக்கும் எங்களுக்குக் குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லை. "ரெண்டு பேரு புரிஞ்சுக்கினாங்க, சிஸ்டர். நான் பாத்தேன்," என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் பார்த்தவரை ஒருவனும் புரிந்துகொள்ளவில்லை.

அதே ரோட்டில் பல வருஷம் கழித்து, அவர் ஊரை விட்டுப் போகிற சமயத்தில், கல் அறுக்கிற ஃபேக்டரி ஒன்று வந்தது. உள்ளே போய்ப் பார்த்தோம். பெரிய சக்கரம் சுற்றிக் கல்லை அறுக்க, குழாயிலிருந்து அதன் மேல் நாள் பூராவும் தண்ணீர் கொட்டியது. தூசி என்கிற பேச்சே இல்லை. டாக்டரம்மா முகம் மலர்ந்துவிட்டது. "யாரு சொல்லிக் குடுத்தாங்க, தண்ணி ஊத்தச் சொல்லி?" என்றார். சூப்பர்வைசர் பெருமையாகச் சொன்னான், "பிளேடு ரொம்ப காஸ்ட்லிம்மா. தண்ணி இல்லன்னா கெட்டுப்பூடும்." மனுஷனை விட்டுவிட்டுப் பிளேடைக் காப்பாற்றினார்கள். அவர் வண்டியில் வந்து உட்கார்ந்து சிரித்தார். எனக்குப் பயமாக இருந்தது.

அதைப் பார்க்க அண்ணன் இல்லை. எழுபதுகளின் நடுவிலேயே அவனுக்கு இருமல் நிலைத்துவிட்டது. ஊர் டாக்டர் காசத்துக்கு ஊசி போட்டார். கேட்கவில்லை. எக்ஸ்ரே எடுத்து டாக்டரம்மா வெளிச்சத்தில் பிடித்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். இரண்டு பக்கமும் ரவையை அள்ளித் தெளித்தாற்போல் இருந்தது.

"இதுக்கு இன்னாம்மா மருந்து?" என்றான் அண்ணன்.

"இல்லப்பா."

"அமெரிக்காவுல?"

"அங்கயும் இல்ல."

என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். பிறகு, "நீங்க அழுவாதீங்கம்மா. உங்க மேல இன்னா தப்பு? நீங்கதான் சொல்லிக்கினே இருந்தீங்களே," என்று அவரைத் தேற்றினான். மருந்து கேட்டு வந்தவன் டாக்டரைத் தேற்றிவிட்டுப் போன கதை எங்கள் ஆஸ்பத்திரியில் அது ஒன்றுதான்.

இனி ஒரு சில்லும் கொத்தக்கூடாது என்று சொல்லி, ஆஸ்பத்திரி கேட்டில் வாட்ச்மேன் வேலை வாங்கிக் கொடுத்தார். காக்கிச் சட்டை போட்டு ஸ்டூலில் உட்கார்ந்தான். வீட்டில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. நான் கொஞ்ச நாள் நிம்மதியாகத் தூங்கினேன். லெந்து வந்தது. கேட்டுக்கே ஆட்கள் வந்துவிட்டார்கள். "அம்மா செத்து வருஷம் ஆவப் போவுது, ஈஸ்டருக்குள்ள கல்லு வச்சுடணும். உன் கையால கொத்துனாத்தான் எங்களுக்குத் திருப்தி," என்று நின்றார்கள். குடம் துலக்கிக்கொண்டு வருகிற அதே ஜனங்கள். அண்ணனுக்கும் இல்லை என்று சொல்ல வரவில்லை. சட்டையை மடித்து ஸ்டூல் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். டாக்டரம்மா கொட்டகைக்குப் போய்த் திட்டினார், கெஞ்சினார். அவன் துணியை மூக்குக்கு ஏற்றிக்கொண்டு, "கொத்தாம உக்காந்து துன்றதுக்கு எனக்குத் தெரியலம்மா," என்றான். அந்தத் துணிக்குள்ளிருந்து இருமல் வந்தது. துணி இனி எதற்கு?

அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டான். மூச்சுக்காகக் கட்டிலில் உட்கார்ந்தபடியே இருந்தான், படுக்க முடியவில்லை. ஆக்ஸிஜன் சிலிண்டரைத் தானே உருட்டிக்கொண்டு வந்த டாக்டரம்மா அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். எனக்கு இரண்டு பேரையும் பார்க்கச் சகிக்கவில்லை.

அவன் கல்லை அண்ணியின் தம்பி கொத்தினான். இந்த முறை டாக்டரம்மா யாரையும் கேட்கவில்லை. ஓபி முடிந்ததும் ஸ்டூலை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய் அவன் எதிரில் உட்கார்ந்துவிட்டார். நான் ஆஸ்பத்திரிக் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுபோனேன். முதல் கொத்திலிருந்து கடைசிக் கொத்து வரைக்கும் கல் காயவிடாமல் ஊற்றினார். எழுத்து ஆயில் பெயிண்டில். மூலையில் ஒரு பூவும் கேட்டார், லில்லிப் பூ. அண்ணியின் தம்பி லில்லியைக் கண்டவனில்லை. தாமரை மாதிரி ஏதோ ஒன்று வந்தது. ஆனால் தூசி எழும்பவில்லை. அவன் புருவம் கறுப்பாகவே இருந்தது. "பாரு சிஸ்டர், எவ்வளவு சுலபம்," என்று ஆழமாக மூச்சை இழுத்துவிட்டார். சித்தூரில் அப்படி ஈரமாகவே பிறந்த கல் என் அண்ணன் கல் ஒன்றுதான்.

குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின நாள் கல் நட்டோம். பாட்டு முடிந்தது. அண்ணி குடத்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"வேணாம்மா. இதுக்கு ஊத்தியாச்சு. கொத்தும்போதே ஊத்தியாச்சு," என்றார் டாக்டரம்மா.

கூட்டம் முணுமுணுத்தது. அண்ணி குடத்தை இறக்கவில்லை. "ஊர்ல கீற கல்லுக்கெல்லாம் ஊத்துனீங்க. எங்க ஊட்டுக்காரரு கல்லுக்கு மட்டும் ஆவாதா? அவரு இன்னா பாவம் பண்ணாரு?" என்றாள்.

டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு எல்லாம் தெரியும், அண்ணியின் வயிற்றெரிச்சலும் தெரியும். "ஊத்திடுங்கம்மா," என்றேன். தாத்தா கதை சொல்லுங்கள் என்று யாரோ குரல் கொடுத்தார்கள். அவர் கல்லின் பக்கம் திரும்பிக்கொண்டார். அதனால் பாஸ்டர் ஐயாவே கதையைச் சொன்னார். அதில் தாத்தா ஒரு பெரிய பிரசங்கியாராகி, கல்லறைக்குத் தண்ணீர் வார்க்கச் சொல்லிவிட்டு நித்திரை அடைந்தார். டாக்டரம்மா மறுக்கவில்லை. குடத்தை வாங்கி, அண்ணன் பேர் மேல், அந்தத் தாமரை மேல், கடைசி வரைக்கும் ஊற்றினார்.

"இப்பதான் மனசு ஆறுச்சு," என்று அண்ணி அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கூட்டம் கலைந்தது. ஈஸ்டருக்கு இன்னும் கல்கள் பாக்கி இருந்ததால் அண்ணியின் தம்பி எங்களுக்கு முன்னாலேயே கொட்டகைக்குப் போய்விட்டான். நானும் டாக்டரம்மாவும் வெளி கேட்டுக்கு வந்தபோது மதிலுக்கு அந்தப் பக்கம் உளிச் சத்தம் தொடங்கியது. காய்ந்த கல்லின் சத்தம், எனக்கே அந்த வித்தியாசம் தெரிந்துவிட்டிருந்தது. நடுவில் ஒரு இருமல். டாக்டரம்மாவின் தலை அந்தப் பக்கம் திரும்பியது. கையில் குடம் இன்னும் இருந்தது. அவசரமாக நாலு அடி வைத்துவிட்டு நின்றார். குடத்தைச் சாய்த்து உள்ளே பார்த்தார். ஒரு சொட்டு இல்லை.